பேசாத படகுக்குக் கயிறு கொண்டுபோகச் சொன்னவர்

கரமனை தந்த கனிவே! கடற்கரைக் காவலில் கல்வியோடு கருணையும் கலந்த காவலரே! முப்பத்திரண்டு ஆண்டுகள் எங்கள் அறிவியல் கொள்கை ஆய்வு மையத்தின் முதுகெலும்பாய் நின்ற மூத்தவரே, முன்னவரே, எங்கள் நாகேஸ்வரன் சாரே! வணக்கம். சட்டைப்பையில் இருக்கும் சிவப்புப் பேனாவைத் தயவுசெய்து தொடாதீர்கள். அடைமொழிகளை அடித்துத் தள்ளும் உங்கள் அதிகாரம் நீங்கள் பணி ஓய்வு பெறும் இன்று ஒருநாள் செல்லாது.

நாட்டின் பாதுகாப்பு பீரங்கியில் மட்டும் இல்லை, எந்தக் கருவியை யார் கையில், எந்த விதியோடு கொடுக்கிறோம் என்பதிலும் இருக்கிறது என்று நாள்தோறும் நவின்றவர் நீங்கள். டெல்லிக்குப் போகும் எந்த வரைவும், அது யாரைத் தொடுகிறதோ அவரிடம் உரக்க வாசித்துக் காட்டிய பிறகே போகும் என்று ஒரு வழக்கம் வைத்தீர்கள். கிழக்கேகோட்டை நிறுத்தத்தில் விழிஞ்ஞம் துறைமுகம் போகும் பஸ்ஸுக்காகக் கோப்பும் குடையுமாகக் காத்துநின்று உங்களை நாங்கள் திட்டாத நாளில்லை. மன்னிக்க வேண்டும், மனதுக்குள்தான் திட்டினோம்.

ஐந்தாண்டுக்கு முன், மீன்பிடிப் படகுகளில் இருப்பிடம் காட்டும் கருவி பொருத்தும் திட்டத்துக்கு விதிகள் எழுதினோம். சமிக்ஞை நின்ற படகைச் சந்தேகப் படகாகக் கருத வேண்டும் என்று எழுதியவர்கள் நாங்களே. எழுதிவிட்டுக் கையும் தட்டிக்கொண்டோம். விழிஞ்ஞம் துறைமுகத்தில் அதை வாசிக்கக் கேட்ட படகுக்காரர் தாசையன், "சாரே, பேட்டரி போச்சுன்னா நான் கள்ளனா?" என்று கேட்டார். நீங்கள் கோப்பை மூடினீர்கள். அந்தப் படகை முதலில் ஆபத்தில் இருக்கும் படகாகக் கருதி, உதவியோடு அணுகி, பிறகே விசாரிக்க வேண்டும் என்று மாற்றி எழுதினீர்கள். மேலிடம் மூன்று வாரம் முறைத்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டது. உங்களுக்கு வரவிருந்த இயக்குநர் பதவி வேறொருவருக்குப் போனது. நாங்கள் பொருமிக்கொண்டிருந்தோம். நீங்களோ பிளாஸ்கைத் திறந்து எங்களுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தீர்கள்.

சென்ற ஆண்டு ஜூன் மாத இடவப்பாதி மழையில், கரை தெரியாத தூரத்தில், தாசையன் படகின் சமிக்ஞை நின்றது. தேடிப் போன ரோந்துக் கப்பல் உங்கள் விதிப்படி கயிறும் குடிநீரும் கொண்டு போயிற்று. எஞ்சின் நின்று, தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த படகிலிருந்து தாசையன் உட்பட நாலு பேரும் உயிரோடு வீடு வந்தார்கள்.

உங்கள் வழக்கத்தை நாங்கள் மீறவில்லை. இந்த மடலின் வரைவையும் நேற்று விழிஞ்ஞத்துக்குக் கொண்டுபோய்த் தாசையனிடம் வாசித்தோம். அதில் ஞானச்சுடரும் தேசக்கவசமும் நிறைய இருந்தன. பொறுமையாகக் கேட்டவர், "எல்லாம் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. நான் வீட்டுக்கு வந்தது இதுல இல்லையே?" என்றார். எங்களுக்கு வெட்கமாகப் போயிற்று. சுடரையும் கவசத்தையும் அடித்துவிட்டு, சற்றுமுன் வாசித்த பத்தியைச் சேர்த்தோம். அவர் இதோ, முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

அன்புக்குரியவரே! வீட்டாரோடு கரமனை ஆற்றங்கரையில் காலாற நடந்து, நோயும் நொடியும் நெருங்காமல், நெடுங்காலம் நலமாய் வாழுங்கள். கைபேசியை மட்டும் அணைத்து வைத்துவிடாதீர்கள், சார். உங்கள் சமிக்ஞை நின்றால், விதிப்படி நாங்கள் அத்தனை பேரும் கயிறோடு உங்கள் வாசலில் வந்து நிற்போம்.

என்றும் உங்கள்,
ஆதிரா, ஷெமி, ஸ்ரீஜித் உள்ளிட்ட மையப் பணியாளர்கள்
திருவனந்தபுரம்