பாறையின் அகலம்

விண்வெளித் தொடர் பார்க்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அளவெடுக்கத் தெரியாது. கப்பல் சுடும், பாறை காணாமல் போகும், கைதட்டுவார்கள். அந்தச் சூட்டில் எவ்வளவு சக்தி இருந்தது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள்.

நான் அளப்பேன். காட்சியை நிறுத்தி, கப்பலின் நீளத்தை வைத்துப் பாறையின் அகலத்தை எடுப்பேன். அகலம் தெரிந்தால் எடை தெரியும். அவ்வளவு எடையை ஆவியாக்க எவ்வளவு சக்தி வேண்டும் என்பது கல்லூரிப் பாடம். என் பிழைப்பும் ஏறக்குறைய அதுதான், ஐயா. கல்குவாரியில் வெடி வைக்கும் பொறியாளர்.

அந்தத் தொடருக்காக என் மச்சினன் நடத்தும் இணையக் குழுவில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பெரும்பாலும் வெட்டிப் பேச்சு. போர்க்கப்பலின் ஒரு சூடு ஒரு நகரத்தையே அழிக்கும் என்று நான் கணக்கிட்டுக் கொடுத்தேன். அந்த எண் என் பெயரோடு குழுவின் முகப்பில் நின்றது. வேறெங்கும் என் பெயரை யாரும் எழுதி வைத்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி துணி மடித்தபடியே திரையைப் பார்த்தாள்.

"ஏங்க, அந்தப் பாறை கப்பலோட இறக்கைய மறைக்குதே?"

"அதுக்கென்ன?"

"அப்ப பாறை நமக்குக் கிட்ட இருக்கு, கப்பல் தூரத்துல இருக்கு. கண்ணுகிட்ட புடிச்சா எலுமிச்சம்பழம்கூட லாரிய மறைக்கும். நீங்க பழத்தப் போய் லாரி சைஸுன்னு எழுதி வச்சிருக்கீங்க."

சிரித்தாள். குத்திக்காட்டும் சிரிப்பு அல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். அவள் படித்தது வணிகவியல். துணியைப் பார் என்றேன். அவள் சமையலறைக்குப் போனதும் காட்சியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மறைத்துத்தான் இருந்தது.

மாலையில் மச்சினன் அழைத்தான். தம்பியிடம் சொல்லாமல் அவளுக்கு எதுவும் செரிக்காது.

"மாமா, அக்கா உங்க கப்பல புஸ்வாணமாக்கிட்டாளே. அவ கணக்குப்படி அந்தப் பாறைக்கு உங்க குவாரி வெடியே போதுமாம். அவளக் கூட்டிட்டுப் போய் ஒரு வெடிய வீடியோ எடுக்க விடுங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சுக் காட்டிட்டு, முகப்புல நம்பர மாத்திடலாம்."

சரி என்றேன்.

குவாரிக்குப் போகும் வழியில் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, "கோவமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அது உண்மை. கணக்குப் போடத் தெரியாதவர்கள்தான் கோபப்படுவார்கள்.

குவாரியில் ஒரு வழக்கம் உண்டு. வெடிக்கு முன் எல்லோரும் கான்கிரீட் சுவருக்குப் பின்னால் போய்விடுவார்கள். எல்லைக்குள் ஆள் இல்லை என்று நான் கையசைத்த பிறகுதான் கொடிக்காரர் அபாயச் சங்கை ஒலிக்கவிடுவார், அடுத்து வெடி. அவளை ஒரு கொட்டகையின் ஓரமாக, சுவருக்கு முன்னால் வெடி வைத்த பக்கம் நிறுத்தினேன்.

"இங்க கல்லு வராதுல்ல?"

"அந்தப் பக்கம்தான் போகும்."

"உங்க வாய நம்பித்தான் நிக்கறேன், பாத்துக்கோங்க."

கல் எந்தப் பக்கம் போகும் என்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

"சார், அம்மா எங்க?" என்றார் கொடிக்காரர்.

"அப்பவே கிளம்பிட்டாங்க."

கையசைத்தேன். கிட்டத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும் என்று சொன்னவள் அவள்தான். கிட்டத்திலிருந்து பார்த்துக்கொண்டாள்.

உங்கள் ஆட்கள் இதை விபத்து என்று முடித்துவிட்டார்கள். பொறியாளரின் கணக்குப் பிழை என்று எழுதியிருக்கிறார்கள். அதைத் திருத்தத்தான் வந்தேன். கல் எங்கே விழும் என்று நினைத்தேனோ அங்கேதான் விழுந்தது. கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. பிழை என்று மட்டும் எழுதாதீர்கள்.

வெடிக்கு மறுநாள் மச்சினன் வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "உங்க நம்பர இனி யாரும் தொட மாட்டோம் மாமா. அது அப்படியே இருக்கட்டும்." குழுவிலும் அறிவித்துவிட்டான். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பரிதாபப்பட்டு விட்டுவிட்டார்கள் என்று நீங்கள் நினைப்பது உங்கள் முகத்திலேயே தெரிகிறது. ஆயிரம் பேர், ஐயா. கணக்கு தப்பாக இருந்தால் ஒருவராவது சொல்லியிருக்க மாட்டாரா?