சாமியோடு பேச்சில்லை

காரைக்காலிலிருந்து நாகப்பட்டினம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணியும் நாத்தனாரும் என்று பேச்சிலிருந்து தெரிந்தது.

"சாமிக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்ல" என்றாள் அண்ணி. பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்படிச் சொல்லாதீங்கண்ணி. படகு கவுந்து நாலு பேர் கடல்ல விழுந்ததுல, நம்ம அண்ணன் மட்டுந்தான் உசுரோட கரையேறியிருக்கு. அம்மன்தான் காப்பாத்துச்சு. கோயில்ல பொங்க வைக்க வேணாமா?"

"தெருவே இப்படித்தான் சொல்லுது. பக்கத்து வீட்டுச் செல்வியோட வாசல்லயே நின்னுக்கிட்டு சொல்றாளுவ. அதே படகுல புருசன வாரிக் குடுத்துட்டு உள்ள கெடக்கா, அவ காதுல விழாதா? அவ புருசன அம்மன் வேணாம்னுடுச்சுன்னுதானே அதுக்கு அர்த்தம்?"

"நீங்க மனசார வேண்டிக்கிட்டீங்க. அது வீண்போவல."

"அவ வேண்டிக்கலயா? படகு வரலன்னதும் ரெண்டு பேரும் ஒரே கோயில் வாசல்ல, கையப் புடிச்சிக்கிட்டுத்தாண்டி அழுதோம். அவ அழுகை மட்டும் கேக்கலயா அதுக்கு?"

நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். "அம்மனையா குத்தம் சொல்றீங்க?"

"அதுகிட்ட கேக்காம வேற யார்கிட்ட கேக்குறது? பதில் சொல்ற வரைக்கும் பொங்கலும் கெடையாது, ஒண்ணும் கெடையாது."

கண்டக்டர் "பட்டினச்சேரி எறங்கு" என்று கத்தினார். இருவரும் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அப்புறம் ஏண்ணி தெனம் வெளக்கு ஏத்துறீங்க?"

"வீட்டு ஆளுகிட்ட கோவம்னா, சோறு போடாம இருந்துடுவோமா?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு அண்ணி முதலில் இறங்கினாள்.