மூணாவது பெட்டி

அன்னிக்கு வீட்ல இருந்தது நாலே பேருதான் தம்பி. நானு, ஊர்லேருந்து வந்திருந்த என் மக, மருமகன், மாடியில குடியிருந்த டீச்சரம்மா. உன்னைச் சேக்கல. நீதான் இந்த வைஃபை பெட்டிய வித்துட்டு, ப்ளக்குல சொருகுங்க ஐயா, தானா வேலை செய்யும்னு சொல்லிட்டுக் கடையிலயே உக்காந்துக்கிட்டியே. கோவமெல்லாம் இல்லப்பா. இந்தா, நீ வித்த மூணுல இது ஒண்ணு. திருப்பி எடுத்துக்குவியான்னு கேக்கத்தான் வந்தேன். ரிப்பேரா? ரிப்பேரெல்லாம் ஒண்ணுமில்ல. கேளு, சொல்றேன்.

டீச்சரம்மாவுக்கு வகுப்பெல்லாம் இன்டர்நெட்லதான். கணக்குப் பாடம். என்னை மாதிரி அவங்களும் தனிக்கட்டை, அந்த வகுப்புதான் சோறு போடுது. என் வைஃபை கூடத்தோட நின்னுடும், மாடி ஏறாது. சுவரு அப்படி. லைன் சரியா வரலேன்னா வேற வீடு பாத்துக்கிறேன் சார்னு அவங்க மெதுவாத்தான் சொன்னாங்க. எனக்குத்தான் அன்னிக்குச் சோறு இறங்கல. அதான் உன்கிட்ட ஓடி வந்தேன். கரண்டு கம்பி வழியாவே வைஃபை போகும்னு நீ சொன்னப்ப நான் நம்பலியே. கிடங்குல சரக்கு எண்ணியே காலம் தள்ளினவன், படிப்பு கம்மி. கண்ணால பாக்காததை வரவு வைக்க மாட்டேன்.

சரி, மாட்டினோம். முதல் பெட்டி கூடத்துல, மோடத்துக்குப் பக்கத்துல. ரெண்டாவது என் பின் ரூம்ல. மூணாவது மாடியில. கூடத்துப் பெட்டியில பட்டனை அமுக்கினா ரெண்டு நிமிஷத்துக்குள்ள மாடிப் பெட்டியிலயும் அமுக்கணும், அப்பத்தான் ஒண்ணை ஒண்ணு அடையாளம் கண்டுக்குமாம். மருமகன் கீழ அமுக்கிட்டு, அமுக்குங்கன்னு கத்துறாரு. மக படியில நின்னு அதையே மேல பாத்துக் கத்துறா. டீச்சரம்மா அமுக்கின விரலை எடுக்கவே இல்ல. விடாம அமுக்கினா அந்தப் பெட்டிக்கு எல்லாம் மறந்துடுமாமே? மறுபடி முதல்லேருந்து. அப்பவும் ஒட்டல. பாத்தா, மாடியில எக்ஸ்டென்ஷன் போர்டுல சொருகியிருக்கோம். நேரா சுவத்துல சொருகணும்னு காகிதத்துல போட்டிருக்கேப்பான்னு மக படிச்சா. மாத்திச் சொருகினோம். பச்சை லைட்டு! வந்துருச்சு சார்னு மேலேருந்து ஒரு குரல் குடுத்தாங்க பாரு... என் மக என் மூஞ்சியையே பாக்குறா. ஏம்ப்பா வேர்க்குது உங்களுக்குங்கறா. ஃபேன் ஓடலம்மான்னேன். ஃபேன் நல்லா ஓடிட்டுத்தான் இருந்துச்சு.

மறுநாள் காலையில வகுப்பு நடுவுல லைன் செத்துப் போச்சு. அதுக்கடுத்த நாளும் அதே நேரம். உன்னைத் திட்டாத திட்டில்ல. அப்புறம் டீச்சரம்மாவே இறங்கி வந்து என் சமையக்கட்டு வாசல்ல நிக்கிறாங்க. சார், உங்க மிக்சி சத்தம் கேட்டா லைன் போகுது, சத்தம் நின்னா வருது, ரெண்டுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்குன்னாங்க. அவங்க மேல போனாங்க, நான் மிக்சியப் போட்டேன். போச்சுன்னு குரல். நிறுத்தினேன். வந்துச்சுன்னு குரல். அதே கம்பியில என் மிக்சி இரைச்சலும் கூடவே போய்க் கெடுக்குதாம். நீ சொன்னியா இதை? சொல்லல.

அன்னிலேருந்து ஒரு ஏற்பாடு. ஒன்பது மணியானா படிக்குக் கீழ நின்னு, டீச்சர், அரைக்கலாமான்னு கேப்பேன். அவங்க பிள்ளைங்களுக்கு ஒரு கணக்கைக் குடுத்துட்டு, அரைச்சுக்கங்க சார்ம்பாங்க. பிள்ளைங்க அதைப் போட்டு முடிக்கிறதுக்குள்ள நான் அரைச்சு முடிக்கணும். போகப் போக அவங்க அரைக்க வேண்டியதும் கிண்ணத்துல கீழ இறங்க ஆரம்பிச்சுது. வகுப்புல ஒரு வாண்டு கேட்டுச்சாம், மிஸ், மிக்சி தாத்தா இன்னிக்கு வரலையான்னு. தாத்தாவாம்! அதை என்கிட்டயே சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க.

என்னது? எட்டு மணிக்கே அரைச்சிருக்கலாமேன்னா? அடேயப்பா, கடைக்காரன் மூளை. எட்டு மணிக்கு வகுப்பு கிடையாதுதான். அவங்க கணக்கு டீச்சரு, நான் காலமெல்லாம் கணக்கு வச்சவன். எங்க ரெண்டு பேருக்கும் அது தோணாமயா இருந்திருக்கும்? ரெண்டு பேரும் வாயத் திறக்கல, அவ்வளவுதான்.

மகதான் போன மாசம் போட்டு உடைச்சா. அம்மா போனதுலேருந்து தனியாவே உக்காந்திருக்கீங்க, மிக்சிக்கு மட்டும்தான் உங்களுக்கு அனுமதி கேக்கத் தெரியுமாப்பான்னு. மறுநாள் படிக்குக் கீழ போய் நின்னேன். வழக்கமாக் கேக்கறது கூட வாயில வரல. அவங்களே எட்டிப் பாத்தாங்க. இன்னிக்கு எதைக் கேக்க வந்தீங்களோ அதுக்கும் சரிதான் சார்னாங்க.

நேத்துதான் பதிவு ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு வந்தோம். மாடியில இப்ப ஆள் இல்ல. வகுப்பு இனி பின் ரூம்லதான்... சிரிக்காதப்பா, கடையில நாலு பேர் பாக்குறாங்க. கூடத்துக்கு ஒண்ணு, பின் ரூமுக்கு ஒண்ணு. மிச்சம் ஒண்ணு.