முனீர் பாய் மிதித்த சைக்கிள்

அன்பே அணியாய், அயராமையே அடையாளமாய், நோயுற்றோர் நம்பிக்கையின் நிலைக்களமாய், எங்கள் இயன்முறை சிகிச்சைப் பிரிவின் தலைமகளாய்த் திகழ்ந்த திருமதி எப்சி தேவசகாயம் அம்மையீர்! வணக்கம்!

விடைபெறும் இந்நாளில் தங்கள் பண்புகளை அடுக்கிப் பாராட்டப் போவதில்லை. தாங்கள் மறக்காத ஒருவரின் கதையை இந்த மேடையில் சொல்லியே தீருவோம்.

ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவர் முனீர் அகமது. தொண்ணூற்றெட்டாம் ஆண்டில் அவருக்குப் பார்க்கின்சன் நோய் கண்டது. கை நடுங்கியது; சட்டைப் பைக்குள் மறைத்தார். வாசலருகே வந்தால் கால்கள் உறைந்து நின்றன. அதை எங்கே மறைப்பது? ஒரு வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகிற கூட்டமெல்லாம் விலகி விலகிப் போக, பள்ளிவாசல் முன்னே அசையமுடியாமல் நின்றார். அன்றோடு வெளியே போவதையே விட்டுவிட்டார். மனைவி அக்தரி பேகம்தான் ஆட்டோவில் ஏற்றித் தங்களிடம் கூட்டிவந்தார்.

“கால் தரையில ஒட்டிக்குதும்மா,” என்றார் முனீர் பாய்.

“சைக்கிள் ஓட்டுவீங்களா, பாய்?”

“இன்னாம்மா கேள்வி இது? ஃபேக்டரிக்கு அதுலதானே போய் வந்தேன்!”

பயிற்சிச் சைக்கிளில் ஏற்றிவிட்டீர்கள். நடக்க மறுத்த கால்கள் பெடலில் சுழன்றன. “இன்னும் வேகமா, பாய்!” என்று கைதட்டினீர்கள். இறங்கியவர் தடங்கலின்றிக் கதவைத் தாண்டி நடந்தார். அக்தரி பேகம் முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நோய் போகாது என்று முதல்நாளே சொல்லியிருந்தீர்கள். ஆனாலும் விடாமல் வந்து மிதித்த முனீர் பாய், தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டார்; தொழுகைக்குத் தானே நடந்தார்.

பிறகு மருத்துவமனைக்குப் புதிய நிர்வாக அதிகாரி வந்தார். சைக்கிள் அறை வசதியுள்ளோருக்கான பரிசோதனைக் கூடமாயிற்று. சைக்கிள்கள் மொட்டைமாடி மழையில் துருவேறின.

“நடுக்கக்காரனுக்கு எதுக்குங்க சைக்கிள்? விழுந்தா நம்ம மேலதான் கேஸு,” என்றார் அவர்.

கெஞ்சினீர்கள், வாதாடினீர்கள், பரிசாகக் கலவை ஊரிலுள்ள கிளைக்கு மாற்றப்பட்டீர்கள்.

முனீர் பாய் சிலமுறை வந்து தங்களைக் கேட்டுவிட்டுத் திரும்பினார். பின்னர் வரவில்லை. வீட்டு வாசலிலேயே கால் உறைந்து விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது, எழவேயில்லை. துக்கம் கேட்கப் போன தங்களிடம் அக்தரி பேகம் சொன்னார்: “உங்க மேல கோவம் இல்லம்மா. கடைசி வரைக்கும் படுத்துக்கிட்டே கால மிதிச்சிட்டு இருந்தாரு.”

அண்மையில், பார்க்கின்சன் நோயாளருக்குச் சைக்கிள் பயிற்சி நல்லது என்று வெளியூர் நிபுணர் ஒருவர் சொன்னதும் அதே அதிகாரி பளபளக்கும் புது அறை கட்டினார். அனுபவசாலி தேவைப்பட்டதால் தங்களைத் திரும்ப அழைத்தார். கல்வெட்டில் அவர் பெயர் மட்டும். திறப்புவிழாப் படத்துக்கு நிற்கச் சொன்னபோது, “முனீர் பாய் இல்லாத போட்டோல எனக்கு இன்னா வேலை?” என்று கேட்டுவிட்டு நோயாளியிடம் போனீர்கள்.

அம்மையீர்! உடல்நலமும் நீள் ஆயுளும் தங்களுக்கு நிறைந்து பெருகுக! மனஅமைதி கிட்டுக என்று மட்டும் வாழ்த்த எங்களுக்கு வாய் வரவில்லை. படத்துக்கு நிற்க மறுத்த அந்தக் கோபமும் தங்களோடு நூறாண்டு வாழ்க!

இங்ஙனம்,
இயன்முறை சிகிச்சைப் பிரிவுப் பணியாளர்கள்,
ஆம்பூர், 2009.