பெரியம்மா சொல்லாத பெயர்

2012ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் இரண்டாம் திகதி, வியாழக்கிழமை. வானம் தெளிவாக இருந்தது. வடகீழ்க் காற்று வீசியது. வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே பதினாறு பாகை. மாலை ஆறு மணி. சூக் நகரிலிருந்து மலைக்கு ஏறும் வீதி... இருபுறமும் ஊசியிலை மரங்கள். கடைசிப் பேருந்துத் தரிப்பிடத்துக்கு அப்பால் விளக்குக் கம்பங்களும் இல்லை.

இது என் தோழி ரிஷானியின் பெரியம்மா ஞானேஸ்வரிக்கு நேர்ந்தது. இன்றிரவு ஓர்லிகோனில், இச்சிறிய அறையில், ஐந்து பேரும் ஒரே போர்வைக்குள் கால் நீட்டி அமர்ந்திருக்கிறோம். ஆகையால் சொல்கிறேன். இடையில் ஒருவரும் எழுந்து போக வேண்டாம்.

பெரியம்மாவும் பெரியப்பாவும் துப்புரவுத் தொழில் செய்தனர். இந்நாட்டில் வீடு மாறுவோர், விட்டுச் செல்லும் வீட்டை ஒரு தூசும் இன்றி ஒப்படைத்தல் வேண்டும். அன்று அவர்களுக்கு வாய்த்தது மலைமேல் ஒரு பழைய மரவீடு. ஒப்படைப்பு மறுநாள் காலை எட்டு மணிக்கு.

படுக்கையறையின் பலகைச் சுவரில், முழங்கால் உயரத்தில், ஒரு துவாரம் இருந்தது. மெழுகு பூசிய கந்தலைச் சுற்றி, ஒரு மரமுளையை அதில் இறுக்கி அடித்திருந்தார்கள். பெரியம்மா திருப்புளியால் அதைத் தோண்டினார்.

"ஏனப்பா அதை நோண்டுறாய்? விடன்," என்றார் பெரியப்பா.

"விட்டா, நாளைக்கு வீடு பார்த்துப் பாரமெடுக்க வாற மனிசி விரலை விட்டுப் பார்த்து ஊத்தை எண்டு எழுதும்."

"உன்னை விட்டா சுவருக்கும் பல்லுத் தீட்டி விடுவாய்."

முளை கழன்றது. நனைந்த ஆட்டு மயிரின் நாற்றம் வந்தது. பின்னர் காற்று நுழைந்தது... மெல்லிய விசில் ஒலி.

வேலை முடிந்தபோது கார் இயங்க மறுத்தது. குளிரில் பற்றரி இறங்கியிருந்தது. கடைசிப் பேருந்தும் போய்விட்டது. இருவரும் அதே அறையில், தரையில், ஆளுக்கொரு போர்வையுடன் படுத்தனர்.

விசில் நின்றபோது பெரியம்மா விழித்தார். வெளியே காற்று தணியவில்லை, மரங்கள் இரைந்தன. ஆனால் துவாரம் ஊதவில்லை. அதை ஏதோ அடைத்திருந்தது...

பிறகு, ஈரச் சாக்கைப் பலகையில் இழுப்பது போன்ற ஒலி. ஒரு தரம். அமைதி. மீண்டும் ஒரு தரம்.

பெரியப்பாவின் குறட்டை அறுந்தது.

யன்னலில் நிலவு இருந்தது. பெரியப்பாவின் போர்வை நெஞ்சின்மேல் குழிந்திருந்தது, எவரோ குந்தியிருப்பது போல. அங்கே எவரும் இல்லை. அவருடைய கண்கள் திறந்திருந்தன, பெரியம்மாவையே பார்த்தன. ஒரு விரல்கூட அசையவில்லை. பெரியம்மா கையை நீட்டினார்... வெறுமைக்குள் அவருடைய விரல்கள் குளிர்ந்த, ஈரமான மயிரில் புதைந்தன.

"இஞ்சாருங்கோ!"

"ஓம்."

பெரியப்பாவின் குரல்தான். ஆனால் அவருடைய உதடுகள் அசையவில்லை. குரல் அவருடைய நெஞ்சுக்கு மேலே, ஒரு முழ உயரத்திலிருந்து வந்தது.

"இஞ்சாருங்கோ! எழும்புங்கோ!"

"ஓம்... ஓம்."

ஒவ்வொரு 'ஓம்' கேட்டபோதும் போர்வை இன்னும் தாழ்ந்தது. விலா எலும்பு ஒன்று முறியும் சத்தம் கேட்டது.

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம்தானே?" போர்வைக்குள் என் கையை நெரித்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் ஹரிஷா கேட்கிறாள்.

சரியான கேள்வி. இந்நாட்டு மலைவாசிகள் அதனை டோகெலி என்பர். சுவர்த் துவாரத்தால் நுழைந்து, உறங்குபவரின் நெஞ்சில் ஏறி அமுக்குவது அதன் தொழில். அவரைப் பெயர் சொல்லி அழைத்தால் அது இறங்கிவிடும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. பெரியம்மா இதை அறியார். அறிந்திருந்தாலும்... மணமாகி இருபத்தாறு ஆண்டுகளில் அவர் தம் கணவரின் பெயரை ஒருமுறையேனும் வாயால் சொன்னதில்லை. அலுவலகங்களில்கூட எழுதித்தான் காட்டுவார்.

அவர் கைத்தொலைபேசியில் 144ஐ அழுத்தினார். அம்புலன்ஸ் நிலையத்துப் பெண் ஜேர்மன் மொழியில் முகவரியைக் கேட்டாள். பெரியம்மா சொன்னார்.

"நோயாளியின் பெயர்?"

"மைன் மான்... என்ரை மனிசன்!"

"அவருடைய பெயர் என்ன?"

"மூச்சில்லை! கெதியா வாங்கோ!" பதற்றத்தில் தமிழ்தான் வந்தது.

"அம்மா, பெயரைச் சொல்லுங்கள்."

பெரியப்பாவின் கண்கள் மேலே சொருகின. பெரியம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். கத்தினார்.

"சிவலிங்கம்!"

போர்வை எழுந்தது. பெரியப்பா இரைந்து மூச்சை இழுத்தார்... இருமினார்... குழந்தை போல அழுதார். பெரியம்மா அவருடைய தலையைத் தூக்கித் தம் மடியில் வைத்துக்கொண்டார். மூச்சு வந்துவிட்டது என்று தெரிந்த ஜேர்மனில் சொன்னார்.

"நல்லது," என்றாள் அந்தப் பெண். "வாகனம் புறப்பட்டுவிட்டது. உங்கள் பெயர்... ஞா... னேஸ்வரி. நான் சரியாக உச்சரிக்கிறேனா?"

"யா... ஆனா நான் சொல்லேல்லையே?"

அந்தப் பெண்ணுக்கு அது விளங்கியதோ, தெரியவில்லை.

"உங்களுக்குப் பின்னால் ஓர் ஆண், அதையே சொல்லிக்கொண்டிருப்பது கேட்கிறது," என்றாள்.

பெரியம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அழைப்பு துண்டிக்கப்பட்டது. அப்போது கைத்தொலைபேசி காட்டிய நேரம், சரியாக மூன்று மணி இருபத்தேழு நிமிடம்.