கழுத்து நீங்கலாக

முகத்துக்கு எதைப் பூசினாலும் கழுத்துக்கும் சேர்த்துப் பூச வேண்டும். பெரும்பாலான பெண்கள் இதை மறந்துவிடுகிறார்கள். முப்பத்தைந்து தாண்டிய ஒருவரின் வயதை அறிய முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, கழுத்தைப் பார்த்தாலே போதும். உங்களுக்கும் நாற்பது ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன், இன்ஸ்பெக்டர் சார். வெயிலில் அலைகிற வேலை. படுக்கப்போகும் முன் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் வருவதை எல்லாம் வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம்.

என் பெயர் கோவிந்தராசு. இருபது வருடமாகக் கம்பவுண்டர் வேலை. காரைக்கால் கடைத்தெருவில் முதலாளியின் மருந்துக் கடையில் களிம்பு குழைப்பதும் மருந்து கலப்பதும் என் பொறுப்பு. கோவில்பத்திலிருந்து சைக்கிளில் வந்து போவேன். என் கையால் கலந்த மருந்தைச் சாப்பிட்டு யாருக்கும் எதுவும் ஆனதில்லை. கடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

என் மனைவி ஞானசௌந்தரி பள்ளிக்கூட டீச்சர். எனக்கும் அவளுக்கும் ஐந்து வயதுதான் வித்தியாசம். கல்யாணப் போட்டோவில் அதுகூடத் தெரியாது. நாற்பது தாண்டியதும் எனக்குத் தலை வழுக்கையாகி, கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே பை விழுந்துவிட்டது. அவள் போட்டோவில் இருப்பதுபோலவே இருந்தாள். அவளோடு படித்த அமலராணி கல்யாணமாகிப் பாரீசில் குடியிருக்கிறாள். ஊருக்கு வரும்போதெல்லாம் சுருக்கம் விழாமல் இருப்பதற்கு ஒரு க்ரீம் கொண்டுவந்து கொடுப்பாள். வெள்ளைக் கண்ணாடி டப்பா, பொன் நிற மூடி. ஞானசௌந்தரி அதை மோதிர விரலால் தொட்டுச் சிக்கனமாகப் பூசிக்கொள்வாள். ஒருநாள் டப்பாவை என்னிடம் நீட்டினாள்.

"என்னங்க, நீங்களும் கொஞ்சம் போட்டுக்குங்களேன். ஒண்ணும் கொறஞ்சு போயிடாது."

பொம்பளைச் சமாச்சாரம் எனக்கெதற்கு என்று சொல்லி விலகிவிட்டேன். அவள் ஆசையாகத்தான் கேட்டாள். அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

எண்பத்திரண்டில் மாங்கனித் திருவிழாவுக்குப் போனோம். சாமி வரும்போது மாடியிலிருந்து மாம்பழம் வீசுவார்கள், கீழே நிற்பவர்கள் பிடிப்பார்கள். நீங்கள் பந்தோபஸ்துக்கு நின்றிருப்பீர்கள். பக்கத்தில் நின்ற ஒருவர் என் தோளைத் தொட்டு, "பெரியவரே, உங்க பொண்ண இந்தப் பக்கம் வந்து நிக்கச் சொல்லுங்க. பழம் இங்கதான் விழும்" என்றார். நல்ல மனிதர், உபகாரமாகத்தான் சொன்னார். ஞானசௌந்தரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்தாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அந்த டீச்சர்கள் தலைவலி மாத்திரை வாங்கக் கடைக்கு வந்தபோது என்னைப் பார்த்ததும் அவர்களுக்கும் சிரிப்பு வந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உள்ளே போய்க் களிம்பு குழைத்தேன்.

பிறகு நிதானமாக யோசித்தேன். புருஷன் பெண்டாட்டி என்றால் பார்க்கிறவர்களுக்கு அப்படித் தெரிய வேண்டும். என்னை அவள் வயதுக்கு இறக்க முடியாது. ஓரத்தில் இருந்த முடிக்கு மை அடித்துப் பார்த்தேன். முகம் வீங்கி லீவு போட்டதுதான் மிச்சம். ஆகவே வேறு ஒரு வழிதான் இருந்தது. அழகை வேண்டாம் என்று உதறிப் பேயுரு கேட்ட அம்மையாரைத்தான் இந்த ஊரே கையெடுத்துக் கும்பிட்டு மாம்பழம் வீசுகிறது. ஒரு பெண்ணுக்கு அழகு அப்படியொன்றும் அவசியமில்லை என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் சார்.

படைக்கும் அரிப்புக்கும் போடுகிற ஒரு களிம்பு இருக்கிறது. பெயர் வேண்டாம். முகத்தில் பூசினால் முதலில் பளபளவென்று ஆகும். விடாமல் பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, நரம்பு நரம்பாகத் தெரியும். கோடு விழும். நிறுத்தினால் எரியும், அதனால் நிறுத்தவும் மனம் வராது. இதெல்லாம் தெரிந்ததால்தான் முகத்துக்கு என்று யார் கேட்டாலும் நான் அதைக் கொடுப்பதில்லை. பக்கத்துத் தெரு ரோஷன் பேகம், மகள் கல்யாணத்துக்குள் தன் முகம் பளிச்சென்று ஆக வேண்டும் என்று வந்து கேட்டார். ஏசித்தான் அனுப்பினேன். தெரிந்தே ஒரு குடும்பப் பெண்ணின் முகத்தைக் கெடுக்க எனக்கு மனது வராது.

அந்தக் களிம்பைத்தான் பாரீஸ் டப்பாவில் கலந்தேன். நிறமும் வாசனையும் மாறாமல் கலப்பது லேசான வேலை இல்லை. கழுத்தில் பூசாதே, வேர்க்குரு வரும் என்று அவளிடம் சொல்லிவைத்தேன். தாலி கிடக்கிற இடம். அது கெட வேண்டாம் என்று நினைத்தேன்.

ஆரம்பத்தில் மிகவும் பொறுமை வேண்டியிருந்தது, ஏனென்றால் அவள் முன்னைவிட அழகாக இருந்தாள். பொங்கல் கழிந்ததும் கன்னம் சிவந்தது. பிறகு கண்ணோரத்திலும் வாயோரத்திலும் கோடுகள். அவள் பயந்துபோய் இன்னும் அதிகமாகப் பூசினாள். பிள்ளைகள் கேலி செய்கிறார்கள் என்று நீண்ட லீவு போட்டாள். அந்த நாட்களில் அவளை எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். மோர் கரைத்துக் கொடுத்தேன், தலை பின்னிவிட்டேன், அழும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் இருவரும் பஸ்ஸில் போனபோது கண்டக்டர் என்னைப் பார்த்து, "ஐயா, வீட்டம்மாவ இங்க உக்காரச் சொல்லுங்க" என்றார். வீட்டம்மா என்றார் சார். கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

அதன் பிறகு ரோஷன் பேகம் மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்தார். நானும் வீட்டில்தான் இருந்தேன். ஞானசௌந்தரியின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அடுத்து அவள் கழுத்தைப் பார்த்தார்.

"ஏங்கக்கா, கழுத்து மட்டும் முன்ன மாதிரியே இருக்கு? அந்தப் படை மருந்தையா மூஞ்சில போடுறீங்க? போட்டா தோலு வெங்காயச் சருகாட்டம் ஆயிடும்னு அண்ணன்தானே என்னய ஏசி அனுப்பிச்சாங்க."

அவர் போன பிறகு ஞானசௌந்தரி அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்து என் முன்னால் நீட்டினாள்.

"என்னங்க, நீங்களும் கொஞ்சம் போட்டுக்குங்க."

ஒருநாள் பூசினால் ஒன்றும் ஆகாது. அது எனக்குத் தெரியாதா. ஒரு விரலால் தொட்டிருந்தாலே அவள் நம்பியிருப்பாள். ஆனால் கை எழவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடியைத் திருகி மூடினாள். மறுநாள் குரும்பகரத்தில் இருக்கும் தன் தம்பி நடராசன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஓய்வுக்கு வந்ததாகச் சொன்னாளே தவிர, என்னைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் மானம் போய்விடக் கூடாது என்று நினைத்திருக்கிறாள். நல்ல பெண்.

ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு அங்கே போனேன். அவள் உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை. நடராசனின் பெண்டாட்டியோடு அவள் உள்ளே பேசிக்கொண்டிருந்தது கேட்டது. இடையில் சிரித்தாள். திருவிழாவில் சிரித்த அதே சிரிப்பு. முகம் தேறிவிட்டால் அவள் என்னிடம் திரும்ப மாட்டாள் என்று எனக்கு அப்போது விளங்கிவிட்டது.

சில நாள் கழித்து நடராசன் டாக்டர் எழுதிய சீட்டோடு கடைக்கு வந்தான். முகமெல்லாம் மகிழ்ச்சி.

"இந்த லோஷனப் பூசினா பழைய மாதிரி ஆயிடும்னு டாக்டர் சொல்றாரு அத்தான். உங்க கையால கலந்து குடுங்க. வேற கடையில வாங்க எனக்கு மனசு வரல."

பழைய மாதிரி என்று அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

உட்காரச் சொல்லி அவனுக்கு டீ வரவழைத்தேன். உள்ளே போய் அந்த ரோஸ் நிற லோஷனைக் கலந்தேன். அதிலேயே கார்பாலிக் ஆசிட்டையும் கலந்தேன். கை தவறவில்லை, பாட்டில் மாறவும் இல்லை. முதலாளி உங்களிடம் அப்படிச் சொல்லியிருந்தால் அது என் மேல் உள்ள பிரியம். வெளியே வந்து, "அக்காவுக்கு என் மேல சின்ன வருத்தம். நம்ம கடை மருந்துன்னு சொல்லாதப்பா, போட மாட்டா" என்றேன். அவன் சிரித்தான். முகத்தில் மட்டும், கழுத்தில் வேண்டாம் என்று இரண்டு தரம் சொல்லித்தான் அனுப்பினேன்.

வலது கண்ணில் பார்வை வராது என்கிறீர்கள். கண்ணை நன்றாக மூடிக்கொண்டு பூச வேண்டும் என்று நான் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். அதில் அஜாக்கிரதையாக இருந்துவிட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் என்னைக் கொடியவன் என்று எழுதுவதற்கு முன் ஒன்றை நினைத்துப் பாருங்கள். அவள் கழுத்தில் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை. ஒரு தழும்பு கிடையாது, ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டிலேயே இருக்கும். நான் கட்டிய தாலி இருக்கும் இடத்தை நான் காப்பாற்றியிருக்கிறேன். தண்டனை முடிந்து நான் வெளியே போகும்போது எங்களை அப்பா மகள் என்று இந்த ஊரில் யாரும் சொல்லப்போவதில்லை.

காலையில் நடராசன் வந்து உங்கள் மேசைமேல் ஒரு பொட்டலத்தை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பாமலே போனான். நீங்கள் பிரித்தபோது மஞ்சள் கயிறு தெரிந்தது. காயத்தில் படும் என்று ஆஸ்பத்திரியில் கழற்றச் சொல்லியிருப்பார்கள். பத்திரமாக வைத்திருங்கள் சார், ஆறியதும் அவளே வந்து கேட்டு வாங்கிக்கொள்வாள்.