கல்லுக்கு எதிர் நாற்காலி

எனக்கு உட்கார்ந்திருப்பது பிடிக்கும், ஐயா. சிலருக்கு நடை, சிலருக்குப் பேச்சு, எனக்கு இது. அதனால் சிற்பியான என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், தன் சிற்பத்திலேயே எனக்கு ஒரு நாற்காலி கொடுத்தபோது சந்தோஷமாகத்தான் ஒத்துக்கொண்டேன்.

சிற்பம் எளிமையானது. நடுவில் தூண், அதன் மேல் தராசுபோல் நீண்ட இரும்புச் சட்டம். ஒரு முனையில் பாறாங்கல். மறுமுனையில் என் நாற்காலி, தரையை ஒட்டினாற்போல் தொங்கும். கல்லின் எடையும் என் எடையும் ஒன்று. கல்லுக்கு நேர் கீழே அத்தான் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காட்சிக்கூடத்துச் சுவரில் 'கல், இரும்பு, எடை' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். எடை என்றால் நான்.

எனக்கு முன்னால் அந்த எடை அக்காதான். காய்ச்சலில் விழுந்து அவள் இளைத்தபோது கல் லேசாக இறங்கியது. "கல்லு இறங்குது பாரு. இளைச்சா முன்னாடியே சொல்ல மாட்டியா?" என்றார் அத்தான். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. எனக்கு அதில் வருத்தமெல்லாம் இல்லை. குடும்பம் என்றால் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும்.

காட்சியின் முடிவில் ஒரு வேடிக்கை உண்டு. நான் எழுந்து போய்விடுவேன், கல் விழாது. கூட்டம் வாயைப் பிளக்கும். புவியீர்ப்பையே மனிதர் மிரட்டி வைத்திருக்கிறார் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். சங்கதி வேறு. நாற்காலிக்கு அடியில் ஒரு வளையம், தரையில் ஒரு வளையம். செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்து, சட்டைப் பையிலிருக்கும் விரல் நீள ஆணியை இரண்டிலும் கோத்துவிடுவேன். அத்தான் உதடு அசையாமல் "ஆச்சா?" என்பார். "ஆச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் எழுவேன்.

அன்றைக்கு ஒரு பத்திரிகைக்காரப் பெண் என்னைக் காட்டி, "இவர் மனசுல என்ன ஓடும் சார்?" என்று கேட்டாள். "எடைக்கு ஏதும்மா மனசு?" என்றார் அத்தான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வழக்கம்போல் குனிந்தேன்.

"ஆச்சா?"

"ஆச்சு அத்தான்."

எழுந்தேன். கல் இறங்கியது. முன்வரிசையில் கைதட்டல்கூட இருந்தது. புதிதாக ஏதோ சேர்த்திருக்கிறார் என்று நினைத்திருப்பார்கள், பாவம். அத்தான் எழுந்திருக்கவில்லை. இனி எழுந்திருக்கப் போவதும் இல்லை.

ஞாபகமறதிதான், ஐயா. உட்கார்ந்தவன் எழுந்து நிற்பது ஒரு குற்றமா? ஆணி என் பையிலேயே தங்கிவிட்டது. இதோ, பாருங்கள். அந்தப் பையில் முன்பு ஒரு ஓட்டை இருந்தது. குனியும்போது ஆணி நழுவி, தரையில் சத்தம் கேட்டால் அத்தான் உஷாராகிவிடுவாரே என்று, முந்தைய நாளே அக்காவிடம் கொடுத்துத் தைத்து வாங்கினேன்.

"எதுக்குடா இவ்வளவு அவசரம்?" என்றாள் அக்கா.

"நாளைக்கு எதுவும் கீழ விழக் கூடாதுக்கா" என்றேன்.